நிமிர்த்தி வைத்த பிளேடுகள்

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவுவது இப்போதெல்லாம் அவர்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, காலைச் சற்று அகட்டி, வெல்டிங் மேஜைக்கு முன்னால் நிற்கிற அதே தினுசில் தொட்டிக்கு முன்னால் நிற்பார். ஒவ்வொரு தட்டாக எடுத்துத் தேய்ப்பார். விளிம்பை விரலால் வருடிப் பார்த்து, பிசுக்கு இருந்தால் மறுபடியும் தேய்ப்பார். பக்கத்தில் துணியோடு நின்று அவள் துடைத்து அடுக்குவாள்.

"இப்படித் தேய்ச்சா தட்டுல ஓட்டை விழுந்துரும்."

"விழட்டுமே. வெல்டு வச்சுக்கலாம்."

முன்னறையில் படுத்திருக்கும் அவளுடைய தம்பி அங்கிருந்தே குரல் கொடுப்பான். "வச்சாலும் பிரயோஜனம் இல்ல அத்தான். அக்கா ரிஜெக்ட்னு குத்திரும்."

மூன்று பேரும் சிரிப்பார்கள். வெல்டரும் வெல்டைச் சோதிக்கிறவளும் புருஷன் பெண்டாட்டியாக இருக்கிற வீட்டில் அது சாதாரணச் சிரிப்பு இல்லை.

கழுவிய டம்ளர்களைப் பலகையில் வரிசையாகக் கவிழ்ப்பார். தன்னுடையதை மட்டும் நிமிர்த்தி வைப்பார். சின்ன வயதிலிருந்தே விடுதியில் வளர்ந்தவர். இருநூறு டம்ளருக்கு நடுவில் இது என்னுடையது என்று சொல்ல, ஒன்றைத் திருப்பி வைத்தால் போதும் என்று அங்கே கற்றுக்கொண்டது. கல்யாணமான புதிதில் தூசி விழுமே என்று அவள் போய்க் கவிழ்ப்பாள். அவர் வந்து நிமிர்த்துவார். அவள்தான் விட்டுக்கொடுத்தாள். செருப்பாக இருந்தாலும் சரி, சீப்பாக இருந்தாலும் சரி, அவருடையது மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துத்தான் இருக்கும்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் பாத்திரத் தொட்டிப் பக்கம் வந்தது இந்தச் சில மாதங்களாகத்தான். அதற்கு முன்னால் அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "பிளேடு பாக்கறேன்" என்று சொல்லிவிடுவாள். மேல்மாடி அம்மா அதை வெகுநாள் வரை சவர பிளேடு என்றே நினைத்திருந்தாள். "உங்க கம்பெனி பிளேடு ஒரு பாக்கெட் கிடைக்குமா? எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைக் கீறிக்கிட்டே இருக்கார்" என்று ஒருநாள் கேட்டும்விட்டாள்.

அவள் பார்க்கிற பிளேடால் யாரும் முகம் மழிக்க முடியாது. மின் நிலையத்து டர்பைனுக்குள், காஸ் எரிந்து பீறிட்டு வரும் நெருப்புக் காற்றில் வருஷக்கணக்காகச் சுற்றியவை. ஒருபக்கம் குழிந்து, மறுபக்கம் முதுகு போல வளைந்து, உள்ளங்கையை விட நீளமாக, கைக்குக் கனமாக இருக்கும். முனை தேய்ந்து, மேல்பூச்சு உரிந்து, குளிர்காற்று போகிற சின்னத் துளைகள் அடைத்து, மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். புதிதாக வாங்கினால் யானை விலை. பழையதைத் தேற்றி அனுப்புவதுதான் அந்தப் பட்டறையின் பிழைப்பு. அமிலத்தில் போட்டுப் பழைய பூச்சைக் கழற்றுவார்கள். தேய்ந்த முனையில் வெல்டு வைத்து உலோகம் வளர்த்து, பழைய அளவுக்கு அரைப்பார்கள். சூளையில் சுடுவார்கள். புதுப் பூச்சு போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் அவளுடைய இருட்டறைக்கு வந்தாக வேண்டும். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து பட்டறையில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதையாக ஆந்தை அக்கா என்பார்கள்.

அவளிடம் வருவதற்கு முன் பிளேடை ஒரு சாயத்தில் ஊறப்போடுவார்கள். தலைமுடியை விட மெல்லிய விரிசலாக இருந்தாலும் அதற்குள் சாயம் இறங்கிவிடும். பிறகு மேலே ஒட்டிய சாயத்தை மட்டும் கழுவி, உலர்த்தி, வெள்ளைப் பொடி தூவுவார்கள். விரிசலுக்குள் இருக்கும் சாயம் கசிந்து பொடிக்கு வரும். இருட்டில் ஊதா விளக்கைப் பிடித்தால் அந்த இடம் பச்சைக் கோடாக எரியும். நல்ல பிளேடில் கோடு இருக்காது. ஆனால் மொத்தமாக இருண்டும் கிடக்காது. கண்ணாடியில் விட்ட மூச்சு போல மேலெல்லாம் லேசாக ஒரு பச்சை மங்கல் இருக்கும். அது இருந்தால்தான் கழுவியது அளவாக இருக்கிறது என்று அர்த்தம். கூடுதலாகக் கழுவினால் விரிசலுக்குள் இருக்கிற சாயமும் சேர்ந்து போய்விடும். அப்புறம் எந்த ஆந்தைக்கும் ஒன்றும் தெரியாது.

அவருடைய வெல்டில் பச்சைக் கோடு எரிய ஆரம்பித்தது போன வருஷம். ஒரு காலத்தில் அவர் வைத்த முனையை அரைத்துவிட்டால் எது பழைய உலோகம், எது புதியது என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு வேறு ரக உலோகத்தில் பிளேடுகள் வர ஆரம்பித்தன. கொஞ்சம் சூடு கூடினால், கொஞ்சம் அவசரப்பட்டால், ஆறும்போது வெடிக்கிற உலோகம். அவர் கையும் முன்போல் நிலைக்கவில்லை. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொல்லவும் இல்லை. சமையலறையில் வாய் திறக்காதவள், இருட்டறையில் ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினாள்.

பட்டறை சும்மா இருக்குமா? "நேத்து வீட்டுல சண்டை போல. அக்கா மூணு பிளேடைத் தள்ளிருச்சு." "குழம்புல உப்பு கம்மின்னு சொல்லிருப்பாரு, அதான் பழி வாங்குது." அவர் காதில் படும்படியே பேசுவார்கள். அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அன்று எத்தனை தள்ளுபடி என்று அவளால் சொல்லிவிட முடியும். முகம் கொடுத்துப் பேச மாட்டார். தட்டில் போட்டதைச் சாப்பிடுவார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டால் மட்டும் இரண்டு பேரும் மாறி மாறிச் சந்தோஷமாகப் பேசுவார்கள். போனை வைத்ததும் பழையபடிதான்.

கடைசியில் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு ட்ரே இப்படி வந்தால் பெட்டி பிரிக்கிற பக்கம் போக வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். மரப்பெட்டியில் ஆணி பிடுங்குகிற வேலை. அன்று அவர் சாப்பிடவே இல்லை.

கடையை மூடிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த தம்பியை அவள் பட்டறையில் சேர்த்துவிட்டது அந்தச் சமயத்தில்தான். நாற்பதைத் தொடுகிறவன், இன்னும் தனிக்கட்டை. வீட்டில் முன்னறையைப் பிடித்துக்கொண்டான். பட்டறையில் கழுவுகிற இடம் கிடைத்தது.

அவன் வந்து கொஞ்ச நாளில் அவருடைய வெல்டு தேறிவிட்டது. ஒன்றில்கூடக் கோடு இல்லை. கிண்டல் நின்றது. ஒருநாள் சாயங்காலம் அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "தள்ளு, நான் கழுவறேன். நீ நாளெல்லாம் கண்ணு வலிக்கப் பாத்தவ."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. சில பிளேடுகளில் அந்தப் பச்சை மங்கல் சுத்தமாக இல்லை என்பதை அவள் கண் பார்த்தது. தம்பி பரவாயில்லை, பளிச்சென்று கழுவுகிறான் என்று மனசு சொல்லிக்கொண்டது. திருப்பி அனுப்பி மறுபடி சாயம் போடச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதங்களில் அவள் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

அந்த முத்திரைதான் இப்போது மேனேஜர் அறையில் கேள்வியாக வந்து நின்றது. சுற்றிய துணியைப் பிரித்து மேனேஜர் இரண்டு பிளேடுகளை மேஜைமேல் வைத்தார். முனை, பாதி உடைந்த பல் மாதிரி இருந்தது.

"உக்காருங்க. இது நீங்க பாஸ் பண்ணினதுதானே?"

அடியில் தன்னுடைய முத்திரை எண்ணைப் பார்த்தாள். "ஆமா சார்."

"ஒரு மெஷினே நின்னு போச்சு. நல்லவேளை, மெஷினோட போச்சு. வெல்டு வச்ச இடத்துலயே பிச்சுக்கிட்டிருக்கு. இங்கேருந்து போறப்பவே விரிசல் இருந்திருக்குங்கறாங்க."

"நான் பாத்தப்ப இல்ல சார்."

"இருந்திருக்கு. உங்க கண்ணுக்குத் தெரியல. இல்ல, தெரிஞ்சும்..." அவர் நிறுத்திக்கொண்டார். "வெளியில என்ன பேசறாங்கன்னு உங்களுக்கே தெரியும். வெல்டு யாரோடதுன்னு நான் வேற சொல்லணுமா?"

புருஷன் வெல்டு, பெண்டாட்டி பாஸ். நடைபாதையில் காதில் விழுந்திருந்தது. அவள் கழுத்தில் தொங்கிய முத்திரையைக் கயிற்றோடு கழற்றி மேஜைமேல் வைத்தாள். சுண்டுவிரல் அளவு எஃகுத் துண்டு. மேனேஜர் அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். விசாரணை முடிகிறவரை இருட்டறைக்கு வேறு ஆள் என்றார்.

அன்றைக்கும் அவர்தான் பாத்திரம் கழுவினார். அவள் நடந்ததைச் சொன்னாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணை டெஸ்ட் பண்ணிக்கயேன்," என்றார்.

"என் கண்ணுக்கு என்ன?"

"வயசாகுதுல்ல. இத்தனை வருஷம் இருட்டுல உக்காந்தா யாருக்கும் பார்வை மங்கத்தான் செய்யும். கண்ணு சரியில்லன்னு நீயே போய்ச் சொல்லிட்டா பரிதாபப்பட்டு வேற சீட்டுல போட்டுருவாங்க. யாரும் தப்பா பேச மாட்டாங்க."

"நான் பொய்யா சொல்லணுமா, எனக்குக் கண்ணு தெரியலன்னு?"

"பொய்யோ நெசமோ, பிரச்சினை முடியுமில்ல?" அவர் தன் டம்ளரை அலசி நிமிர்த்தி வைத்தார். "எல்லாருக்கும் நல்லது."

அந்த எல்லாரிலும் தான் இருக்கிறோமா என்று அவள் யோசித்துக்கொண்டே தட்டைத் துடைத்தாள்.

அதே மெஷினுக்கான பிளேடுகளில் சில உபரியாகப் பட்டறையிலேயே இருந்தன. எல்லாம் அவள் பாஸ் செய்தவை. பூச்சைக் கழற்றி, வேறு யார் கையும் படாமல் தானே சாயம் போட்டுக் கழுவிப் பார்க்க அனுமதி கேட்டாள். மேனேஜர் தலையசைத்தார். கழுவுகிற இடத்திலும் ஒரு ஊதா விளக்கு உண்டு. அந்த வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே தண்ணீர் அடித்து, மேல்சாயம் போனதும் நிறுத்தினாள். பொடி தூவி இருட்டறைக்கு எடுத்துப் போனாள். கண் பழகட்டும் என்று சற்று நேரம் சும்மா உட்கார்ந்தாள். பிறகு விளக்கைப் போட்டாள்.

முனையில் பச்சைக் கோடு. அடுத்ததிலும். அதற்கடுத்தது நன்றாக இருந்தது. அப்புறம் மறுபடியும் கோடு, இது கிளை விட்டிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது. கழுவுகிறவன் யார் என்பது அதன் பின்னாலேயே வந்தது.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் நேரத்தில் தம்பி நிற்கிற இடத்துக்குப் போனாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ட்ரேயோடு முக்கியெடுத்து, சாயம் வடிந்த பிளேடுகள் அடுக்கியபடியே இருந்தன. பட்டறையில் வெல்டர்கள் இரண்டு பேர், இருவருடைய பிளேடுகளும் கலந்துதான் வரும். எது யாருடையது என்று எழுதிய அட்டையைத் தண்ணீரில் நனையும் என்று கழற்றி ஆபீசில் கொடுத்துவிடுவார்கள். கழுவுகிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

தம்பி ஒரு பிளேடை எடுத்துத் தண்ணீர் அடித்தான், வைத்தான். இன்னொன்று. மூன்றாவதை எடுத்தவன் அடித்துக்கொண்டே இருந்தான். சாயம் போய், மங்கலும் போய், ஊதா வெளிச்சத்தில் அது கரிக்கட்டை மாதிரி கறுத்த பிறகும் விடவில்லை.

"அதுக்கு மட்டும் எதுக்குடா அவ்வளவு தண்ணி?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "சாயம் போகலக்கா."

"எப்பவோ போயிருச்சு. யார்கிட்ட சொல்ற?"

அவள் ட்ரேயைப் பார்த்தாள். பிளேடுகளை எப்போதும் குழிவு கீழேயும் முதுகு மேலேயுமாகக் கவிழ்த்துத்தான் அடுக்குவார்கள். இந்த ட்ரேயில் நடுநடுவே சில பிளேடுகள் மட்டும் மல்லாந்து கிடந்தன, குழிவு மேலே பார்க்க. கவிழ்ந்த வரிசைக்கு நடுவில் நிமிர்ந்தவை. இந்தக் காட்சியை அவள் ஒவ்வொரு நாளும் தன் சமையலறைப் பலகையில் பார்க்கிறவள். ட்ரேயை அடுக்கிக் கொண்டுவந்து கொடுப்பது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பொறுப்பும் அவருடையதுதான்.

"நிமிந்து கிடக்கறதெல்லாம் யாரோடதுடா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"யாரு இப்படிக் கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்." தண்ணீர்க் குழலைக் கொக்கியில் மாட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நான் வந்தப்ப நீங்க ரெண்டு பேரும் எப்படி இருந்தீங்க? ஒரே லாட்ஜுல ரெண்டு ரூம் எடுத்த மாதிரி. இப்ப எப்படி இருக்கீங்க? நான் என்ன, யார் வீட்டுலயாவது திருடினேனா? கொஞ்சம் தண்ணி கூட ஊத்தினேன், அவ்வளவுதானே?"

"மெஷின் நின்னு போச்சுடா."

"அந்த அளவுக்குப் போகும்னு எனக்குத் தெரியுமாக்கா? மேலே பூச்சு வேற போடறாங்களே, தாங்கிரும்னு நெனச்சேன்."

"நீயா நெனச்சியா, அவர் அப்படிச் சொன்னாரா?"

தம்பி தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னல் உடைந்தபோதும் இப்படித்தான் நின்றான். அன்று கல்லெறிந்தது அவள்.

மேனேஜர் அறையில் அவள் இருட்டறையில் எடுத்து வைத்திருந்த பச்சைக் கோடுகளின் படங்களைக் காட்டினாள். கழுவியது கூடிப்போய்விட்டது என்றாள். தம்பியைக் கூப்பிட்டார்கள். "நல்லாக் கழுவினா நல்லதுன்னு நெனச்சேன் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். வெல்டுல விரிசல் விழறது புதுசில்ல, அதைத் தப்பவிட்டதுதான் தப்பு, சரக்கு போன இடத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பணும் என்றார் மேனேஜர். பிறகு அவளிடம் திரும்பினார்.

"எல்லா பிளேடையும் இப்படித்தான் கழுவியிருக்காரா? இல்ல, குறிப்பா சிலதை மட்டுமா?"

கதவருகில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கையில் வெல்டிங் கையுறையை வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். ட்ரேயைப் போய்ப் பாருங்கள் சார் என்றால் போதும். அவர் நாளைக்கே ஆணி பிடுங்குவார், அதுவும் வேலையில் வைத்துக்கொண்டால். அவர் அவளைப் பார்க்கவில்லை. கையுறையைப் பார்த்தார். அவராகச் சொல்லட்டும் என்று அவள் காத்தாள். மேனேஜருடைய பேனா மேஜையைத் தட்டியது.

"எல்லாமேதான் சார்," என்றாள்.

தம்பி மெதுவாக மூச்சு விட்டது கேட்டது. அந்த ஒரு சொல்லால் நல்ல பிளேடுகளையும் திருப்பி வரவழைத்து, பூச்சு கழற்றி, மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. மேனேஜர் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்துக் கொடுத்தார். "உங்களைத் தப்பா நெனச்சுட்டோம். மனசுல வச்சுக்காதீங்க." அவள் கயிற்றைத் தலைவழியே மாட்டிக்கொண்டாள். போன தடவை அதைக் கழற்றி வைத்ததிலாவது ஒரு நேர்மை இருந்தது.

தம்பியை அன்றே நிறுத்திவிட்டார்கள். அவன் முன்னறையில் பையைக் கட்டினான். நண்பன் ஒருவனோடு தங்கப்போகிறேன் என்றான். இங்கேயே இருடா என்று அவள் சொன்னாள். சொல்கிற விதத்திலேயே அவனுக்குப் புரிந்திருக்கும், இருக்க முடியாதென்று. அத்தான் வருவதற்குள் கிளம்புவதில் குறியாக இருந்தான்.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றான், செருப்பை மாட்டிக்கொண்டே. "நல்லாத்தான் தெரியுது. அது போதும்."

படி இறங்கும்போது பை சுவரில் உரசிக்கொண்டே போயிற்று.

சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றிய சத்தத்தில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டார். முன்னறை காலியாக இருந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. வழக்கம்போலச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். அவள் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு கிண்ணம். சீக்கிரம் முடிந்துவிடுகிற வேலை.

"உன் தம்பியை நம்பி வேலை வாங்கிக் குடுத்தோம்," என்றார் தட்டைத் தேய்த்துக்கொண்டே. "பொறுப்புன்னு ஒண்ணு வேணாம்? இப்ப பாரு, உன் ஸ்டாம்பே போகப் பாத்துச்சு. அப்பவே எனக்கு மனசுல பட்டது, இவன் சரிப்பட மாட்டான்னு. உன் முகத்துக்காகச் சும்மா இருந்தேன்."

அவள் தட்டை வாங்கித் துடைத்தாள்.

"கழுவறதுல கவனம் இல்லன்னா அடுத்தவன் குடும்பமே தெருவுக்கு வந்துரும். அது தெரிய வேணாமா ஒரு மனுஷனுக்கு?"

அவளுடைய டம்ளரை அலசிப் பலகையில் கவிழ்த்தார். கிண்ணத்தைக் கவிழ்த்தார். தன்னுடையதை எடுத்து உள்ளே விரலை விட்டுத் தேய்த்தார். குழாய்த் தண்ணீரில் பிடித்தார், திருப்பித் திருப்பிப் பிடித்தார்.

"ட்ரேல உங்க பிளேடை மட்டும் ஏன் நிமித்தி வச்சீங்க?" என்று அவள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அவன்கிட்ட என்ன சொன்னீங்க? அதை மட்டும் என்கிட்டச் சொல்லுங்க. வேற யார்கிட்டயும் போக மாட்டேன்."

டம்ளர் நிரம்பி வழிந்தது. அவர் கை அதன் அடியில் அப்படியே இருந்தது.

"நாளைக்கும் உங்க பிளேடு என்கிட்டத்தான் வரும்," என்றாள். "இனிமே அளவாத்தான் கழுவி வரும். அதுக்கு முன்னாடி கேக்கறேன்."

அவர் டம்ளரைத் தொட்டிக்குள்ளேயே வைத்தார். அது சாய்ந்து உருண்டு தட்டுகிற சத்தம் கேட்டது. சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டு, அவள் தோளில் கிடந்த துணியில் கையைத் துடைக்காமல் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். குழாயை மூடவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.